பச்சை இலைக்குள் ஓர் எண்ணெய்ப் படலம்: மூணாற்று உறைபனியிலிருந்து தேயிலை ஃபேக்டரி வரை

மூணாற்றில் தை மாதக் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமானால் முதலில் பாட்டிலை வெந்நீருக்குள் இறக்க வேண்டும். லயத்து வீடுகளில் பலர் இரவே அதை அடுப்புத் திண்டில் வைத்துவிடுவார்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் எப்போதும்போல ஊற்றும். அதே காலையில் வெளியே லட்சுமி, செண்டுவாரை, கன்னிமலை எஸ்டேட்டுகளின் பள்ளங்களில் புல்லும் தேயிலையும் வெள்ளை பூத்து நிற்கும். வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். வெயில் ஏறி மதியம் தாண்டியபின் பார்த்தால் மேல் கொழுந்து காப்பித்தூள் நிறத்துக்கு வந்திருக்கும்.

பாட்டிலுக்குள் நடந்ததற்கும் இலைக்குள் நடந்ததற்கும் நெருங்கிய உறவு உண்டு. இலையின் பச்சை என்றால் பச்சையம் என்று பள்ளியில் படித்தோம். பெரும்பாலும் அதோடு விட்டுவிட்டோம். பச்சையம் தனியாக மிதப்பதில்லை. அது புரதத்தில் செருகியிருக்கிறது, புரதம் ஒரு மெல்லிய கொழுப்புப் படலத்தில் செருகியிருக்கிறது. அந்தப் படலம் இளகி இருந்தால்தான் ஒளிச்சேர்க்கை ஓடும். இளகி இருப்பதற்காக இலை எந்தக் கொழுப்பைத் தேர்ந்துகொண்டதோ, அதுவே சீக்கிரம் கெட்டுப்போகிற கொழுப்பும்கூட. பனியில் கருகுவது, வெயிலில் வாடுவது, சத்துக் குறைந்த மண்ணில் தாக்குப்பிடிப்பது, கடைசியில் டீயில் வருகிற வாசனை, எல்லாவற்றிலும் இந்த ஒரே சிக்கல்தான் வேறு வேறு வேடத்தில் வருகிறது.

நான்கே சரக்கு

பசுங்கணிகம் என்பது இலைச் செல்லுக்குள் சுமார் 5 மைக்ரோமீட்டர் நீளத்தில் இருக்கும் ஒரு பை. அதற்குள் தைலகாய்டு என்ற சவ்வு சில இடங்களில் தோசை அடுக்கியதுபோலவும், சில இடங்களில் ஒற்றைத் தாளாகவும் மடிந்து கிடக்கிறது. அடுக்கிய பகுதிக்குக் கிரானா என்று பெயர். சவ்வின் கொழுப்புப் பகுதி சுமார் 4 நானோமீட்டர் தடிமன். அதாவது ஒரு பசுங்கணிகத்தின் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நம் உடம்பிலும் செடியின் மற்றப் பாகங்களிலும் செல் சவ்வு பெரும்பாலும் பாஸ்பரஸ் கலந்த கொழுப்பால் ஆனது. தைலகாய்டு அந்த வழக்கத்தை மீறியது. அதன் கொழுப்பில் ஏறத்தாழ பாதி எம்ஜிடிஜி. கிளிசரால் என்ற சிறு முதுகெலும்பில் இரண்டு கொழுப்பு அமில வால்கள், தலையில் ஒரே ஒரு கேலக்டோஸ் சர்க்கரை, அவ்வளவுதான் அதன் கட்டமைப்பு. பாலில் இருக்கும் லாக்டோஸில் பாதியாக இருப்பதும் இதே கேலக்டோஸ்தான். தலையில் இரண்டு கேலக்டோஸ் இருந்தால் அது டிஜிடிஜி. மொத்தத்தில் 25 முதல் 30 சதவீதம். மிச்சத்தைக் கந்தகம் கலந்த சர்க்கரையைத் தலையில் வைத்த எஸ்க்யூடிஜியும், பாஸ்பேட் தலை வைத்த பிஜியும் ஆளுக்குப் பத்து சதவீதம் என்ற அளவில் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆக நான்கில் மூன்றில் பாஸ்பரஸ் கிடையாது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் மண்ணைப் பற்றிப் பேசும்போது உதவும்.

கேலக்டோஸ் கொழுப்புகள் முதலில் பிரித்தறியப்பட்டது பச்சை இலையில் அல்ல, கோதுமை மாவில்; 1956இல். கந்தகக் கொழுப்பை 1959இல் அடையாளம் காட்டியவர் ஆண்ட்ரூ பென்சன். கால்வின்-பென்சன் சுழற்சி என்று பாடத்தில் வருகிற அதே பென்சன். அந்தச் சுழற்சிக்கான 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் போனது. கொழுப்பு ஆராய்ச்சியில் பென்சனின் பங்கைப் பற்றி அந்த அளவுக்குக்கூட யாரும் பேசுவதில்லை.

இந்த நான்கில் விசித்திரமானது எம்ஜிடிஜிதான். அதன் தலை சிறியது, வால்கள் அகன்றவை; கூம்பு வடிவம். தனியாக எடுத்துத் தண்ணீரில் விட்டால் அது தட்டையான படலமாக நிற்காது, சுருண்டு குழாய் குழாயாக அடுக்கிக்கொள்ளும். டிஜிடிஜிக்குத் தலை பெரிது. உருளை வடிவம் என்பதால் ஒழுங்காகத் தட்டையாக நிற்கும். தட்டையாக நிற்க மறுக்கும் சரக்கைப் பாதியளவு போட்டு ஏன் ஒரு தட்டைச் சவ்வைக் கட்ட வேண்டும்? சுவருக்குச் செங்கல்லாக மட்டும் அது வந்திருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. தைலகாய்டின் கிரானாப் பரப்பில் 70 முதல் 80 சதவீதத்தைப் புரதமே அடைத்திருக்கிறது. கொழுப்புக்குக் கிடைப்பது புரதங்களுக்கு நடுவே உள்ள சந்து பொந்துகள். மேடும் பள்ளமுமான புரத விளிம்புகளில் இடைவெளி விடாமல் பொருந்த, இப்படிக் கூம்பு வடிவத்தில் வளைந்து கொடுக்கும் சரக்குதான் வேண்டும். புரத நெரிசல் அதைத் தட்டையாகப் பிடித்து வைக்கிறது. அது புரதங்களை நெருக்கமாகப் பிடித்து வைக்கிறது. நெரிசல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை உறைபனி காட்டும்.

இன்னொரு வேலையும் எம்ஜிடிஜிக்கு உண்டு. வெளிச்சம் தேவைக்கு மேல் விழும்போது இலை அதை வெப்பமாக வெளியேற்ற வயலோசாந்தின் என்ற மஞ்சள் நிறமியை சியாசாந்தினாக மாற்றுகிறது. மாற்றும் நொதி சவ்வில் ஒட்டி வேலை செய்ய எம்ஜிடிஜி உருவாக்கும் அந்தச் சுருண்ட அமைப்பு தேவைப்படுகிறது. அடம்பிடிக்கிற குணமே இங்கே ஆதாயம்.

கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிற எண்ணெய்

தலையைவிட வாலில்தான் விஷயம் அதிகம். கொழுப்பு அமில வாலில் இரட்டைப் பிணைப்பு இல்லையென்றால் அது நேராக நிற்கும். நேரானவை நெருங்கி அடுக்கிக் கெட்டியாகிவிடும். இரட்டைப் பிணைப்பு வரும் இடத்தில் வால் வளையும்; வளைந்தவை நெருங்க முடியாது. 18 கார்பன் நீளமுள்ள வால்களையே எடுத்துக்கொள்வோம். இரட்டைப் பிணைப்பு இல்லாத ஸ்டியரிக் அமிலம் சுமார் 69 டிகிரியில் உருகும். ஒன்று இருக்கும் ஒலியிக் 13 டிகிரி. இரண்டு இருக்கும் லினோலியிக் மைனஸ் 5. மூன்று இருக்கும் லினோலெனிக் மைனஸ் 11. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி முதல் வகையைப் போன்ற நேர்வால், அதனால் மூணாற்றில் கட்டியாகிறது. நல்லெண்ணெயில் ஒலியிக்கும் லினோலியிக்கும், அதனால் ஊற்றுகிறது.

தைலகாய்டு இதையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. நெல், பட்டாணி போன்ற செடிகளின் எம்ஜிடிஜியில் கொழுப்பு அமிலத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு லினோலெனிக். பசலை, கடுகுக் குடும்பம், புகையிலை போன்றவற்றில் அதன் ஒரு பகுதிக்குப் பதிலாக 16 கார்பனும் மூன்று இரட்டைப் பிணைப்பும் உள்ள வால் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் மூன்று வளைவுகள்தான்.

நமக்குத் தெரிந்த எண்ணெய்களில் இதற்குப் பக்கத்தில் வருவது ஆளிவிதை எண்ணெய். அதில் பாதியளவு லினோலெனிக். அந்த எண்ணெயை மட்டைக்குப் பூசி வெயிலில் வைத்தவர்களுக்குத் தெரியும், இரண்டு நாளில் பிசுபிசுத்துப் பிறகு வார்னிஷ் போல இறுகிவிடும். அது உலர்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே உள்ள கார்பனில் புகுந்து ஒன்றோடு ஒன்றைக் கோத்துவிடுகிறது. இப்போது இலையின் நிலைமையை யோசியுங்கள். ஆக்சிஜன் உற்பத்தியாகிற இடத்திலேயே, வெளிச்சத்தை உறிஞ்சித் துடிக்கும் பச்சையத்துக்குப் பக்கத்திலேயே, மிக எளிதாக ஆக்சிஜனேற்றம் அடைகிற எண்ணெயைப் பூசி வைத்திருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் வெல்டிங் வேலை நடத்துவதற்கு ஒப்பானது இது. அதனால்தான் கரோட்டினாய்டுகளும் வைட்டமின் ஈயும் அதே சவ்வில் காவல் இருக்கின்றன. தாவர எண்ணெயில் நமக்குக் கிடைக்கும் வைட்டமின் ஈயும் செடி இப்படித் தனக்காகச் செய்துகொண்டதுதான்.

இவ்வளவு ஆபத்தை ஏன் ஏற்கிறது? முதல் காரணம், போக்குவரத்து. ‘ஒளித்தொகுதி இரண்டு’ என்ற புரதத் தொகுப்பு தண்ணீரை உடைத்து எடுத்த எலக்ட்ரான்களை அடுத்த நிலையமான சைட்டோகுரோம் பி6எஃப் வரை சுமந்து போவது பிளாஸ்டோகுயினோன் என்ற சிறு மூலக்கூறு. அது தண்ணீரில் நீந்தாது. கொழுப்புக்குள்ளேயே, புரதங்களின் சந்துகளில் நுழைந்து நுழைந்துதான் போக வேண்டும். எண்ணெய் கெட்டியானால் அந்த வண்டி நிற்கும். இரண்டாவது காரணம், பழுதுபார்ப்பு. ஒளித்தொகுதி இரண்டின் நடுவில் உள்ள டி1 புரதம் வெளிச்சத்தில் ஓயாமல் அடிபடும். கடும் வெயிலில் அதன் ஆயுள் மணிக்கணக்கில்தான். அடிபட்ட தொகுதி கிரானா அடுக்கிலிருந்து வெளித்தாளுக்கு நகர்ந்து, பழைய டி1ஐக் கழற்றி, புதியதைப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற சாலை இளகலாக இருக்க வேண்டும் என்பது இங்கே நிபந்தனை.

இளகினாலும் ஒழுகக் கூடாது. தைலகாய்டுக்குள் சேரும் புரோட்டான்கள் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செய்யும் இயந்திரம் வழியாக மட்டுமே வெளியே வர வேண்டும். சவ்வில் கசிந்தால் அணைக்கட்டில் ஓட்டை விழுந்ததற்குச் சமம்.

கொழுப்பு வெறும் நிரப்புப் பொருளல்ல என்பதற்கு நேரடிச் சான்று படிக அமைப்புகளில் கிடைத்தது. 2001இல் வெளியான ஒளித்தொகுதி ஒன்றின் அமைப்பில் நான்கு கொழுப்பு மூலக்கூறுகள் குறிப்பிட்ட இடங்களில் உட்கார்ந்திருந்தன. மூன்று பிஜி, ஒரு எம்ஜிடிஜி. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1.9 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்ட ஒளித்தொகுதி இரண்டில், ஒரு அலகுக்கு 20 கொழுப்பு மூலக்கூறுகள் இடம்பிடித்திருந்தன. வெந்நீர் ஊற்றி எண்ணெயைக் கழுவுவதுபோல டிடர்ஜெண்ட் போட்டுப் பிரித்தெடுத்த பிறகும் அவை புரதத்தை விட்டுப் போகவில்லை. இரண்டு ஆய்வுக்கும் எடுத்தது வெந்நீர் ஊற்றில் வாழும் நீலப்பச்சைப் பாசிகளை.

பிஜியும் வாழைப்பழமும்

ஃப்ரிட்ஜில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே உறைபனி இல்லை, ஐஸ் இல்லை. வாழை, வெள்ளரி, மக்காச்சோளம் போன்ற வெப்பநிலத்துச் செடிகள் பூஜ்ஜியத்துக்கு மேலே, 5 முதல் 10 டிகிரியிலேயே அடிபடுகின்றன. முட்டைக்கோசும் பசலையும் அதே குளிரில் சௌகரியமாக இருக்கும். மூணாற்றை அடுத்த வட்டவடைத் தோட்டங்களில் கோசும் கேரட்டும் பூண்டும் விளைவதும், கம்பம் பள்ளத்தாக்கில் வாழை விளைவதும் மழை, மண் கணக்கோடு இந்தக் குளிர்க் கணக்கையும் சேர்த்ததுதான்.

1980களில் ஜப்பானில் நோரியோ முராத்தாவின் குழு இதற்கு ஒரு விளக்கம் சொன்னது. வால்கள் இரண்டும் நேராக இருக்கிற பிஜி எந்தச் செடியில் அதிகமோ அந்தச் செடி குளிருக்குப் பயப்படுகிறது என்பது அதன் சாரம். இரண்டு பக்கமும் வளைவில்லாத பால்மிட்டிக் வால் உள்ள பிஜி 41 டிகிரியிலேயே கெட்டியாகிவிடும். ஒரு வாலில் ஒரு வளைவு விழுந்தாலே அந்த வெப்பநிலை கீழே இறங்கிவிடும். 1992இல் அதே குழு புகையிலையில் இதைச் சோதித்தது. பிஜிக்கு முதல் வால் சேர்க்கும் நொதிக்கான மரபணுவைப் பூசணி இனத்திலிருந்து எடுத்துப் புகையிலையில் வைத்தபோது செடி குளிரில் அதிகம் வாடியது. குளிர் தாங்கும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்து ஆய்வகச் செடியிலிருந்து எடுத்து வைத்தபோது தாங்கும் திறன் கூடியது. பின்னால் பார்த்ததில், வளைவான பிஜி குளிரில் ஏற்படும் பழுதைத் தடுப்பதைவிட, பழுதிலிருந்து மீள்வதைத்தான் வேகப்படுத்துகிறது. மேலே சொன்ன டி1 ஒர்க்‌ஷாப் சங்கதிதான்.

ஆனால் இதைச் சூத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது. அராபிடாப்சிஸில் ஒரு திரிபுச் செடியின் பிஜியில் 40 சதவீதத்துக்கு மேல் நேர்வால் இருந்தும், சில நாள் குளிரில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. வாரக்கணக்கில் 2 டிகிரியில் வைத்தபோதுதான் ஒளிச்சேர்க்கை விழுந்தது. பிஜி ஒரு பெரிய காரணம், ஒரே காரணம் அல்ல.

பள்ளத்தில் பனி, கிழக்கில் வெயில்

உறைபனிக்கு வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று நின்றிருக்க வேண்டும். மேகம் இல்லாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்குக் கதிர்வீச்சாக இழக்கும். அதனால் இலையின் வெப்பநிலை ஆளுயரத்துத் தெர்மாமீட்டர் காட்டுவதைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். தெர்மாமீட்டரில் 2 டிகிரி என்று பார்த்து நிம்மதியாகத் தூங்கினால் காலையில் ஏமாற்றம்தான். கனத்த குளிர்க்காற்று சரிவில் வழிந்து ஓடைக்கரையிலும் சதுப்பிலும் தேங்கும். எனவே ஒரே எஸ்டேட்டில் மேட்டுச் செடி பச்சையாக இருக்க, நூறடி கீழே பள்ளத்துச் செடி கருகும்.

ஐஸ் முதலில் உருவாவது செல்லுக்கு வெளியே, செல்களுக்கு இடையே உள்ள ஈரத்தில். அந்த ஐஸ் செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி இழுக்கும். செல் வற்றிச் சுருங்கும்போது சாதாரணமாக விலகி இருக்கிற சவ்வுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டும் அளவுக்கு நெருங்குகின்றன. பசுங்கணிகத்தின் வெளியுறையும் செல்லின் வெளிச்சவ்வும் இப்படி நெருங்கும் இடங்கள் ஆபத்தானவை. நடுவில் இருந்த நீர் போனதும், தட்டையாக நிற்க விரும்பாத எம்ஜிடிஜி தன் குணத்தைக் காட்டும். இரண்டு சவ்வும் கலந்து குழாய் வடிவத்துக்கு மாறினால் பனி உருகினாலும் திரும்பி வராது. செல் ஒழுகிவிடும். தேயிலையில் அப்படி ஒழுகினால் செல்லின் வேறொரு அறையில் பூட்டியிருந்த பாலிஃபீனால்களும் அவற்றை ஆக்சிஜனேற்றும் நொதியும் சந்தித்துவிடும். காப்பித்தூள் நிறம் வருவது அதனால்தான். ஃபேக்டரியில் வேண்டுமென்றே செய்கிற வேலை தோட்டத்திலேயே நடந்துவிடுகிறது.

அராபிடாப்சிஸில் இதற்கு ஒரு தற்காப்பு இருப்பது 2010இல் தெளிவானது. எஸ்எஃப்ஆர்2 என்ற நொதி பசுங்கணிகத்தின் வெளியுறையில் உட்கார்ந்திருக்கும். உறையும்போது அது விழித்துக்கொண்டு, ஒரு எம்ஜிடிஜியின் சர்க்கரைத் தலையைக் கழற்றி இன்னொன்றின் தலையில் சேர்க்கும். இரண்டு, மூன்று, நான்கு சர்க்கரைத் தலைகள் கொண்ட கொழுப்புகள் உருவாகும்; இவை தட்டையாக நிற்பவை, நீரையும் பிடித்து வைப்பவை. தலை இழந்த மிச்சம் எண்ணெய்த் துளியாக ஒதுக்கப்படும். கூம்பைக் குறைத்து உருளையைக் கூட்டுவது, அவ்வளவுதான் உத்தி.

பனியைத் தப்பிய இலைக்கு அடுத்த கண்டம் விடிந்தபின் வருகிறது. காலை எட்டு மணிக்கு வெயில் பளிச்சென்று விழுகிறது, இலை இன்னும் 3, 4 டிகிரியில் இருக்கிறது. வெளிச்சத்தைப் பிடிக்கும் வேலைக்கு வெப்பம் தேவையில்லை. பச்சையம் முழுவேகத்தில் உறிஞ்சும். கார்பனைப் பிடிக்கும் நொதிகளும், பழுது பார்க்கும் ஏற்பாடும், பிளாஸ்டோகுயினோனின் ஓட்டமும் குளிரில் மந்தம். போகவழியில்லாத ஆற்றல் ஆக்சிஜனைச் சீண்டிவிடும். சீண்டப்பட்ட ஆக்சிஜன் பக்கத்தில் இருக்கும் லினோலெனிக் வாலைத் தாக்கும். மட்டையில் இரண்டு நாளில் நடப்பது இங்கே சில மணிநேரத்தில். வெயில் முதலில் படும் கிழக்குச் சரிவில் அடி கூடுதலாக இருப்பதற்கும், சில்வர் ஓக் நிழலில் உள்ள செடி தப்புவதற்கும் இதுவே காரணம். நிழல்மரம் இரவில் வானத்துக்குப் போகும் வெப்பத்தைத் தடுக்கிறது, காலையில் வெயிலையும் வடிகட்டுகிறது. இரண்டு வேலைக்கும் ஒரே கூலி. ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் முன் தொடங்கி, ஐஸ் முழுதும் உருகும்வரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் உறையும்போது விடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது; நடுவில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இன்னும் குளிரவைக்கும், போடாமல் இருந்ததைவிட மோசம்.

கருகிய செடியைப் பார்த்தவுடன் கத்தியை எடுப்பதும் அவசரம். மேலே கருகிய இலை கீழ் இலைக்கு அடுத்த பனி இரவிலும் அடுத்த காலையிலும் போர்வையாக இருக்கும். பனிக்காலம் முடிந்து உயிருள்ள மரப்பட்டை எது வரை என்று சுரண்டிப் பார்த்தபின் வெட்டுவது நல்லது. வெளியே பச்சையாகத் தெரியும் இலையின் உள்நிலையை அறிய ஒரு வழி உண்டு. இலையில் கிளிப் மாட்டி 20 முதல் 30 நிமிடம் இருட்டில் வைத்து, ஃப்ளோரசன்ஸ் மீட்டரில் எஃப்வி/எஃப்எம் என்ற விகிதத்தை எடுக்க வேண்டும். நலமான இலையில் அது 0.83 அளவில் நிற்கும். பனிக்குப் பிறகு 0.5, 0.6 என்று விழுந்து, சில நாளில் ஏறினால் பழுது பார்க்கும் ஏற்பாடு பிழைத்திருக்கிறது. ஏறாமல் மேலும் இறங்கினால் சவ்வே போய்விட்டது. இருட்டில் வைக்கும் நேரத்தைச் சுருக்கினால் நல்ல இலையும் நோயாளியாகத் தெரியும்; அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

செம்மண்ணும் கந்தகமும்

மலைத்தொடரின் கேரளப் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் நிறைய, அமிலத்தன்மையும் கூட. போடுகிற பாஸ்பேட்டை இவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தைலகாய்டில் நான்கில் மூன்று கொழுப்புக்குப் பாஸ்பரஸ் தேவையில்லை என்ற கணக்கு இங்கேதான் பலன் தருகிறது. பாஸ்பரஸுக்குத் தட்டுப்பாடு வந்தால் செடி மேலும் சிக்கனம் பிடிக்கும். பிஜியைக் குறைத்து எஸ்க்யூடிஜியைக் கூட்டும். இரண்டின் தலையும் எதிர்மின் கொண்டவை என்பதால் இடத்தை ஓரளவு நிரப்ப முடியும். பசுங்கணிகத்துக்கு வெளியே உள்ள சவ்வுகளில்கூடப் பாஸ்பரஸ் கொழுப்பை எடுத்துவிட்டு டிஜிடிஜியைச் செருகும். பிஜி முழுவதையும் எடுத்துவிட முடியாது. ஒளித்தொகுதிகளில் அது உட்காரும் இருக்கை வேறு யாருக்கும் பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் தென்மேற்கில் பாஸ்பரஸ் மிகக் குறைந்த மண்ணில் வளரும் புரோட்டியேசி குடும்பச் செடிகள் இந்த மாற்றத்தை இலை முதிரும்போதே பெருமளவில் செய்கின்றன. நம் தோட்டத்துச் சில்வர் ஓக் அந்தக் குடும்பத்து மரம்.

கந்தகத்துக்கும் இதே போன்ற கணக்கு இருக்கிறது. ஆப்பிரிக்காவில் இன்றைய மலாவியில் தேயிலை மஞ்சளித்து இலை சிறுத்துப்போன நோய்க்குக் காரணம் கந்தகக் குறைவு என்று 1933இல் ஸ்டோரியும் லீச்சும் காட்டினார்கள். புரதத்துக்கும் கந்தகம் வேண்டும் என்பதால் பழியைக் கந்தகக் கொழுப்பின் மேல் மட்டும் போட முடியாது. ஆனால் அம்மோனியம் சல்பேட்டை விட்டு முழுக்க யூரியாவுக்கு மாறுகிறவர்கள் அந்தக் கந்தகம் எங்கிருந்து வரும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

போடி இறக்கத்தில்

மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியாகப் போடிக்கு இறங்கினால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. அதாவது ஆறேழு டிகிரி வெப்பம் கூடும். அங்கே சிக்கல் தலைகீழ். படலம் அளவுக்கு மேல் இளகினால் புரோட்டான் கசியும், கிரானா அடுக்கு பிரியும். வெப்பத்தில் செடிகள் மூன்று வளைவு வால்களைக் குறைத்து, எம்ஜிடிஜியோடு ஒப்பிட டிஜிடிஜியைக் கூட்டுகின்றன. மூன்றாவது வளைவைப் போடும் நொதிகளில் எஃப்ஏடி8 என்பது வெப்பத்தில் தானே சிதைந்துவிடும். அதனால் தனிக் கட்டளை இல்லாமலே கணக்கு நேராகிறது. 2000இல் வந்த ஓர் ஆய்வில், எஃப்ஏடி7 மரபணுவை அடக்கி மூன்று வளைவு வால்களைக் குறைத்த புகையிலை சாதாரணப் புகையிலையைவிட வெப்பத்தைத் தாங்கியது. வெயிலில் ஒளிச்சேர்க்கை விழுவதற்கு ருபிஸ்கோ ஆக்டிவேஸ் என்ற புரதம் சீக்கிரம் செயலிழப்பதும் பெரிய காரணம். எல்லாவற்றையும் கொழுப்பின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அளக்கும்போது வரும் வம்பு

தேயிலைக் கொழுப்பை அளப்பது மற்ற இலைகளைவிடக் கஷ்டம். இலையை அரைத்த நிமிடத்திலேயே கொழுப்பை வெட்டும் நொதிகள் வேலையைத் தொடங்கிவிடும். பறித்த இலையை உடனே 75 டிகிரியில் உள்ள ஐசோபுரோப்பனாலில் போட்டு 15 நிமிடம் வைத்தால் நொதிகள் அடங்கும், ஐசோபுரோப்பனாலில் 0.01 சதவீதம் பிஹெச்டி (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்த்தால் ஆக்சிஜனேற்றமும் கட்டுப்படும். இதைச் செய்யாமல் குளிர்ந்த கரைப்பானில் அரைத்து எடுத்தவர்களின் முடிவில் பாஸ்படிடிக் அமிலமும் தனிக் கொழுப்பு அமிலமும் அநியாயத்துக்கு அதிகமாக இருக்கும். அது இலையில் இருந்ததல்ல, ஆய்வகத்தில் உண்டானது. பிறகு குளோரோஃபார்ம் சேர்த்துப் பிரித்தெடுக்கும்போது கண்ணாடிக் குழாய்தான். பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால் பிளாஸ்டிக்கின் சேர்மானமும் கூடவே கரைந்து வரும். சிலிக்கா தட்டில் ஓடவிட்டு ஆல்ஃபா நாஃப்தாலும் கந்தக அமிலமும் தெளித்துச் சூடாக்கினால் சர்க்கரைத் தலை உள்ள கொழுப்புகள் மட்டும் ஊதாவாகத் தெரியும். சாற்றை நைட்ரஜன் வாயுவின் கீழ், மைனஸ் 20இல் வைக்க வேண்டும்.

கொழுப்பு மட்டுமின்றிப் பசுங்கணிகமும் முழுதாக வேண்டுமென்றால் இலையைப் பகலில் எடுக்கக் கூடாது. பகலில் சேர்ந்த ஸ்டார்ச் மணிகள் மையவிலக்கியில் சுற்றும்போது உறையைக் கிழித்துக்கொண்டு போகும். விடியுமுன் பறித்த இளம் இலை, 0.33 மோலார் சார்பிட்டால் கரைசல், எல்லாம் 4 டிகிரியில். தேயிலையானால் பாலிஃபீனாலைப் பிடித்துவைக்க பிவிபி (PVP) என்ற பாலிமர் கட்டாயம். இல்லாவிட்டால் குழாயின் அடியில் பச்சைக்குப் பதில் பழுப்புக் குழம்பு.

பச்சை வாடை

கொழுந்து கிள்ளும்போது விரலில் வருகிற பச்சை வாசனை, புல் வெட்டும்போது வருவதுதான். இலை கசங்கியதும் லைபேஸ் நொதிகள் தைலகாய்டுக் கொழுப்பிலிருந்து லினோலெனிக் வாலைக் கழற்றும். லைப்பாக்சிஜினேஸ் அதில் ஆக்சிஜனைச் சேர்க்கும். அடுத்த நொதி அதை இரண்டாக வெட்டும். ஆறு கார்பன் துண்டு ஹெக்செனல் என்ற பொருளாகக் காற்றில் பறந்து மூக்குக்கு வரும். இதே வாலை வேறு பாதையில் அனுப்பினால் ஜாஸ்மோனிக் அமிலம். பூச்சி கடித்த செய்தியைச் செடி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஹார்மோன்.

டீயில் இந்த ஆறு கார்பன் வாசனை கொஞ்சம் இருந்தால் புத்துணர்வு, அதிகமானால் டீ மேக்கர் ‘பச்சை வாடை அடிக்குது’ என்று முகம் சுளிப்பார். பூ வாசனை தரும் லினலூல், ஜெரானியால் வகையோடு ஒப்பிட்ட விகிதம்தான் தரத்தைத் தீர்மானிக்கும் கணக்குகளில் ஒன்று. முற்றிய இலையில் கொழுப்பு அதிகம் என்பதால் இரண்டு இலை ஒரு மொட்டு என்ற வரம்பு தாண்டினால் இந்த வாடை கூடும். நைட்ரஜன் உரம் அளவுக்கு மீறினாலும் பசுங்கணிகம் பெருகிக் கொழுப்பு கூடி அதே முடிவுதான்.

அதைவிட அதிகம் கெடுப்பது வழியில் நடப்பது. கொழுந்தைச் சாக்கில் மிதித்து அடைத்து, வெயிலில் லாரி ஏறக் காத்திருக்க வைத்தால் இலை மூச்சுவிட்டே தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். 35 டிகிரியைத் தாண்டினால் நடுச்சாக்கில் கைவிட்டாலே தெரியும், வெதுவெதுவென்று இருக்கும். எடுத்துப் பார்த்தால் விளிம்பும் காம்பும் சிவந்திருக்கும். வாட்டும் தொட்டியில் சதுர மீட்டருக்கு 25 முதல் 30 கிலோ அளவில் பரப்பி 12 முதல் 18 மணிநேரம் காற்று விட்டு மெல்ல நடக்க வேண்டிய கொழுப்புச் சிதைவு, சாக்குக்குள் கண்டபடி நடந்து முடிந்திருக்கும். அந்த இலையைத் தனியாகப் பிரிக்காமல் நல்ல இலையோடு தொட்டியில் பரப்பினால், எந்தச் சாக்கால் அந்த வாடை வந்தது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.